பூனைக்கும் ஒரு கடவுச்சீட்டு

எமது வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொற்கள் கடவுச்சீட்டு, வீசா, டிக்கெட் என்பனதான். 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். படிப்புக்காகவும் குடும்பத்தோடு குடியேறவும் சென்றவர்கள் வேறு. கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் யாரோ ஒருவர் புறப்பட்டிருப்பார், அல்லது புறப்படத் தயாராகிக்கொண்டிருப்பார்.

ஒரு குடும்பம் புறப்படும்போது எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாம். தளபாடங்களை விற்கலாம். பூச்சட்டிகளைப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அடுப்படி வாசலில் படுத்துக் கிடக்கும் பூனையை என்ன செய்வது? இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலுள்ள சிறுபிள்ளைகள். பெரியவர்களுக்கு அது நினைவுக்கு வரும்போது பயணத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கும். அப்போது எந்த நல்ல முடிவையும் எடுக்க முடியாது. பூனையை அழைத்துச் செல்வது எப்படி, எந்த நிலையில் அழைத்துச் செல்லாமல் இருப்பது நல்லது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குப் பணத்தைவிட முதலில் தேவைப்படுவது காலம் என்பதை வாசித்து முடிக்கும்போது நீங்களும் ஏற்றுக்கொள்வீர்கள்.

இலங்கைப் பூனை கடல் கடப்பது புதிய விடயமும் இல்லை. 1984ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த மிருக வைத்தியர் பாவோலோ பெல்லகாட்டா என்பவர் எமது நாட்டுக்கு வந்தார். இங்கே தெருவிலும் முற்றத்திலும் திரியும் பூனைகளின் மணல் நிற உரோமமும் மெல்லிய கோடுகளும் அவரைக் கவர்ந்தன. சில பூனைகளைத் தன்னோடு இத்தாலிக்குக் கொண்டு சென்று வளர்த்தார். இன்று 'சிலோன் பூனை' என்ற பெயரில் அங்கே அறியப்படும் இனம் அவற்றின் வழிவந்ததே. நாம் "சூ" என்று விரட்டும் பூனையின் உறவினர்கள் மிலானில் கண்காட்சி மேடை ஏறியிருக்கிறார்கள்!

ஏன் இத்தனை கட்டுப்பாடு?

பூனை ஒன்றை நாட்டுக்குள் எடுக்க ஏனைய நாடுகள் இவ்வளவு யோசிப்பதற்கு முக்கிய காரணம் விசர் நோய். நாம் இதை விசர்நாய்க்கடி நோய் என்று சொல்லிப் பழகிவிட்டதால் நாய்க்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்கிறோம். பூனை, கீரி, வௌவால், மாடு என எந்தப் பாலூட்டிக்கும் இது தொற்றலாம். நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் வைரசு இருக்கும். கடி மூலமோ கீறல் மூலமோ அது உடலுக்குள் சென்று நரம்பு வழியே மூளையை அடைகிறது. நோய் அறிகுறி தோன்றிய பின்னர் பிழைத்தவர்கள் உலகிலேயே மிக அரிது. கடிபட்டவுடன் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி, தாமதிக்காமல் தடுப்பூசி போட்டுக்கொண்டால் உயிர் தப்பலாம்.

இலங்கை இந்த நோயோடு நீண்ட காலம் போராடி வந்திருக்கிறது. 1893ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு கட்டளைச் சட்டம் இங்கே இயற்றப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தார்கள். தடுப்பூசித் திட்டங்களால் அந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்துள்ளது. என்றாலும் நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. எனவே விசர் நோய் இல்லாத நாடுகளின் கண்ணில் எமது பூனை ஒரு சந்தேக நபர்தான்.

முன்னைய காலத்தில் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி சிறைவாசம். பிரித்தானியாவுக்குச் செல்லும் பூனை, நாய் எதுவானாலும் அங்கே ஆறு மாதம் தனிமைப்படுத்தல் கூண்டில் இருக்க வேண்டும். நோய் இருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும் என்பது அவர்களின் கணக்கு. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தெரிவுசெய்த நாடுகளுக்கு இந்த முறை தளர்த்தப்பட்டது. மைக்ரோசிப், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றையும் செய்து முடித்த பிராணி கூண்டுக்குள் போகாமலேயே வீட்டுக்குப் போகலாம் என்ற முறை வந்தது. பின்னர் ஏனைய நாடுகளுக்கும் அது விரிந்தது. கோவிட் காலத்தில் தனிமைப்படுத்தலில் இருந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் பெறுமதி நன்றாக விளங்கும். ஆகவே பத்திரங்களைச் சேர்க்க அலையும்போது எமக்குச் சலிப்பு வந்தாலும், அந்தப் பத்திரங்கள்தான் எமது பூனையைத் தனிமைப்படுத்தல் கூண்டிலிருந்து காப்பாற்றுகின்றன.

வரிசை மாறக்கூடாது

இந்த வேலைகளில் ஒழுங்குமுறை மிக முக்கியம். ஒரு படியை முந்திச் செய்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

முதலாவது மைக்ரோசிப். இது ஓர் அரிசி மணியளவான சிறு குழாய். பூனையின் இரு தோள்களுக்கும் இடையில் தோலுக்குக் கீழே ஊசி மூலம் வைக்கப்படும். இதில் பற்றரி கிடையாது. கருவியை அருகில் கொண்டு சென்றால் 15 இலக்க எண் ஒன்று தெரியும். அந்த எண்தான் பூனையின் அடையாள அட்டை. சர்வதேசத் தரத்துக்கு அமைந்த சிப்தானா என்று மிருக வைத்தியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது விசர் நோய்த் தடுப்பூசி. குட்டிக்குக் குறைந்தது 12 வாரங்கள் ஆகியிருக்க வேண்டும். சிப் வைத்த பின்னரோ அதே நாளிலோ போட்ட ஊசி மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். அதற்கு முன்னர் போட்டிருந்தால், எந்தப் பூனைக்குப் போடப்பட்டது என்பதை நிரூபிக்க முடியாதல்லவா?

மூன்றாவது இரத்தப் பரிசோதனை. உயிரியல் படிக்கும் எமக்கு இது எளிதில் விளங்கும். தடுப்பூசி போட்டதும் உடல் அந்த நோய்க்கெதிரான பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. அவை போதிய அளவு உருவாகியுள்ளனவா என்று இந்தப் பரிசோதனை காட்டும். ஒரு மில்லிலீற்றரில் குறைந்தது 0.5 சர்வதேச அலகு இருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாட்கள் கழிந்த பின்னரே இரத்தம் எடுக்கலாம். செல்லும் நாடு அங்கீகரித்த ஆய்வுகூடத்துக்கே அதை அனுப்ப வேண்டும்.

நான்காவது காத்திருப்பு. பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இலங்கையிலிருந்து செல்லும் பூனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதங்கள் கழிந்த பின்னரே பயணம் செய்யலாம். உடலில் ஏற்கனவே வைரசு இருந்திருந்தால் அந்தக் காலத்துக்குள் நோய் வெளிப்படும் என்பதே காரணம்.

இவற்றைக் கூட்டிப் பாருங்கள். ஜனவரி 1ஆம் திகதி சிப்பும் ஊசியும் என்றால், இரத்தம் எடுப்பது பெப்ரவரி முதலாம் திகதியளவில். பூனை விமானம் ஏறுவது மே மாதம் தொடக்கத்தில். எவ்வளவு பணம் செலவழித்தாலும் இந்த 4 மாதங்களைக் குறைக்க முடியாது. வீசா கிடைத்த பிறகு பார்ப்போம் என்று இருப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆகவே வீசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றே பூனைக்கும் சிப் வைத்துவிடுவது புத்திசாலித்தனம். வீசா கிடைக்காமல் போனாலும் நட்டமில்லை. தடுப்பூசி போட்ட பூனை வீட்டிலிருப்பது எமது பிள்ளைகளுக்கும் பாதுகாப்புத்தானே.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

எல்லா நாடுகளும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. கனடா இதில் மிக இலகுவானது. 3 மாதத்துக்கு மேற்பட்ட வீட்டுப் பூனைக்கு விசர் நோய்த் தடுப்பூசி போட்டதற்கான, மிருக வைத்தியர் ஒப்பமிட்ட சான்றிதழ் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருந்தால் போதும். இரத்தப் பரிசோதனையோ தனிமைப்படுத்தலோ கேட்பதில்லை.

ஜப்பான் கண்டிப்பானது. மைக்ரோசிப், 30 நாள் இடைவெளியில் இரண்டு தடுப்பூசிகள், இரத்தப் பரிசோதனை, அதன் பின்னர் 180 நாள் காத்திருப்பு என்று ஏறத்தாழ 7 மாதங்கள் தேவை. வருவதற்குக் குறைந்தது 40 நாட்களுக்கு முன்னர் அறிவித்தலும் கொடுக்க வேண்டும்.

அவுஸ்திரேலியா எல்லாவற்றையும்விடக் கடினமானது. இலங்கையிலிருந்து பூனையை நேரடியாக அங்கே கொண்டு செல்ல முடியாது. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டுக்கு முதலில் கொண்டு சென்று, நிபந்தனைகளை நிறைவேற்றி, அங்கிருந்தே அனுப்ப வேண்டும். மெல்பேர்னுக்கு அருகிலுள்ள மிக்கல்ஹாம் நிலையத்தில் குறைந்தது 10 நாள் தனிமைப்படுத்தலும் உண்டு. 2015இல் ஹொலிவூட் நடிகர் ஜோனி டெப்பின் இரண்டு நாய்கள் அறிவிக்கப்படாமல் தனி விமானத்தில் அந்த நாட்டுக்குள் கொண்டு வரப்பட்டன. உடனே திருப்பி அனுப்பாவிட்டால் அவை கொல்லப்படும் என்று அமைச்சரே பகிரங்கமாக அறிவித்தார். நாய்கள் திரும்பிப் போயின. நடிகருக்கே இந்த நிலை என்றால் எமது நிலை எப்படியிருக்கும்!

எமது ஊரவர்கள் அதிகம் செல்லும் மத்திய கிழக்கு நாடுகளிலும் முன்கூட்டிய அனுமதி இல்லாமல் பூனையைக் கொண்டு இறங்க முடியாது. உதாரணமாக, ஐக்கிய அரபு அமீரகத்தில் காலநிலை மாற்ற, சுற்றாடல் அமைச்சிடம் இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். விசர் நோய் அபாயமுள்ள நாட்டிலிருந்து வரும் பூனைக்கு அங்கும் இரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், செல்லும் நாட்டு அரசின் அறிவித்தலை நேரடியாக வாசித்துப் பார்ப்பதே சரி. "எங்கட நானா போன வருசம் கொண்டு போனார்" என்பதை மட்டும் நம்பிப் புறப்படக்கூடாது.

கண்டியில் இருப்பவர்களுக்குள்ள வசதி

இந்த விடயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். நாட்டின் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் உள்ளன. எம்மில் பலர் கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது இவற்றைக் கடந்துதான் போகிறோம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரித்ததில்லை. பூனையின் பயணத்துக்கு என்னென்ன தேவை என்று கேட்க வேறெங்கும் அலையத் தேவையில்லை.

பயணம் நெருங்கும்போது அரசாங்க மிருக வைத்தியர் ஒப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ் தேவைப்படும். பிரித்தானியா, ஐரோப்பா போன்றவற்றுக்கு இது நாட்டை அடைவதற்கு முந்திய 10 நாட்களுக்குள் பெறப்பட்டதாக இருக்க வேண்டும். எனவே அந்தப் பத்து நாட்களில் வரும் போயா விடுமுறையையும் சனி, ஞாயிறையும் கலண்டரில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சிப் எண், ஊசித் திகதி, இரத்தம் எடுத்த திகதி ஆகியன எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பது நல்லது. ஓர் இலக்கம் மாறினாலும் விமான நிலையத்தில் பிரச்சினை வரும்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

கட்டுகஸ்தோட்டையில் இருந்த எனது சாச்சி குடும்பத்தினர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தபோது இவற்றையெல்லாம் நான் அருகிலிருந்து பார்த்தேன். அவர்களுடைய மஞ்சள் பூனையின் பெயர் மிட்டாய். வீசா எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கிடைத்துவிட்டது. மிட்டாய்க்கு ஏற்கனவே ஊசி போட்டிருந்தார்கள். ஆனால் சிப் இல்லாததால் அந்த ஊசி செல்லுபடியாகவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. "பூனைக்காகப் பிள்ளைகளின் படிப்பைப் பின்போடுவதா?" என்று உம்மும்மா கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அங்கே பாடசாலை செப்டெம்பரில் தொடங்கிவிடும். "வாங்கும்போது நாமதானே வாங்கினோம், இப்ப அது எங்க போகும்?" என்று சாச்சி கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் சாச்சப்பா மூத்த மகனோடு ஓகஸ்டில் புறப்பட்டார். சாச்சியும் எட்டு வயது மகளும் டிசம்பர் வரை இங்கேயே தங்கினார்கள். நான்கு மாதம் குடும்பம் இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு இடத்துச் செலவு. மகள் இங்கிருந்தே பாடங்களைச் செய்தாள். இது சிறிய விலையில்லை. சிப்பை ஆறு மாதம் முந்தி வைத்திருந்தால் இந்தப் பிரிவு தேவைப்பட்டிருக்காது என்று சாச்சி இன்றும் சொல்வார்.

இதில் இன்னுமொரு நுணுக்கம் உண்டு. பிரித்தானிய, ஐரோப்பிய விதிகளின்படி வளர்ப்புப் பிராணி தனது உரிமையாளரின் பயணத்துக்கு 5 நாள் முன்பின்னாக வர வேண்டும். அதைத் தாண்டினால் அது வியாபாரத்துக்கான பிராணியாகக் கருதப்பட்டு வேறு விதிகள் பொருந்தும். எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு பூனையை அனுப்பச் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தில் கடைசியாகப் புறப்படுபவரின் பெயரில் பூனையின் பத்திரங்களை எடுப்பது இதற்கொரு வழி. சாச்சியும் அப்படித்தான் செய்தார்.

பெட்டியும் பயணமும்

பிரித்தானியாவுக்கு விமானத்தில் செல்லும் பூனை எமது மடியில் இருக்க முடியாது. சரக்காகப் பதிவு செய்யப்பட்டே போக வேண்டும். சரக்கு என்றதும் பலர் பயப்படுகிறார்கள். பிராணிகளை ஏற்றும் பகுதியில் காற்றழுத்தமும் வெப்பநிலையும் பயணிகள் இருக்கும் பகுதியைப் போலவே பேணப்படுகின்றன. உண்மையில் கவலைப்பட வேண்டியது பெட்டியைப் பற்றித்தான்.

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் பெட்டிக்கென விதிகள் வகுத்துள்ளது. பூனை உள்ளே நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடமிருக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும். அடிப்பகுதி ஒழுகக்கூடாது. வெளியிலிருந்தே நிரப்பக்கூடிய தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். பெட்டியின் நீளத்தை அளக்க ஒரு சூத்திரமும் உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையான நீளத்தோடு, நிலத்திலிருந்து முழங்கை வரையான உயரத்தின் அரைவாசியைக் கூட்ட வேண்டும்.

பூனைக்குத் தூக்க மருந்து கொடுத்து அனுப்பினால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது ஆபத்தானது. மருந்து இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் பாதிக்கலாம், வானத்தில் உதவிக்கு யாருமில்லை. அதைவிடப் பழக்கப்படுத்துவதே சிறந்தது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பெட்டியைத் திறந்து வீட்டு மூலையில் வைத்துவிட வேண்டும். உணவை அதற்குள்ளேயே வைக்கலாம். வீட்டார் உடுத்திய பழைய துணியொன்றை விரித்துவிடலாம். மிட்டாய் முதல் வாரம் பெட்டியின் பக்கமே போகவில்லை. பிறகு நெத்தலிப் பொரியலின் வாசனைக்குத் தோற்றுவிட்டது. மூன்றாவது வாரத்தில் பகல் தூக்கமே பெட்டிக்குள்தான்.

கண்டியிலிருந்து கட்டுநாயக்கா நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். கடுகண்ணாவை வளைவுகளில் எமக்கே வயிற்றைப் புரட்டும். பூனைக்குச் சொல்லவும் வேண்டுமா? முதலில் பேராதனை வரை, பிறகு மாவனல்லை வரை என்று சிறு பயணங்களில் பழக்கலாம். புறப்படுவதற்குச் சில மணித்தியாலம் முன்னர் உணவை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தக்கூடாது.

பெட்டி உறுதியாக இருப்பதும் சிப் இருப்பதும் ஏன் முக்கியம் என்பதற்கு உலகறிந்த ஒரு சம்பவம் உண்டு. 2015ஆம் ஆண்டு ஈராக்கின் மோசுல் நகரிலிருந்து ஒரு தாய், தனது ஐந்து பிள்ளைகளோடும் குன்குஷ் என்ற வெள்ளைப் பூனையோடும் அகதியாகப் புறப்பட்டார். இறப்பர் படகில் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் கரையேறிய குழப்பத்தில் பூனை கூடையிலிருந்து தப்பி ஓடிவிட்டது. தேடிப் பார்த்துக் கிடைக்காமல் குடும்பம் அழுதுகொண்டே நோர்வே வரை சென்றது. சில வாரங்களின் பின் தொண்டர்கள் பூனையைக் கண்டுபிடித்தார்கள். சொந்தக்காரர் யாரென்று அறிய வழியில்லை. புகைப்படங்களை இணையத்தில் பரப்பி, ஜேர்மனியில் ஒரு வீட்டில் வைத்துப் பராமரித்து, 2016 பெப்ரவரியில் நோர்வேயில் அந்தக் குடும்பத்திடமே சேர்த்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் பலர் ஒரு பூனைக்காகச் செய்த உதவி அது. அந்தப் பூனையிடம் 15 இலக்க எண் ஒன்று இருந்திருந்தால் இத்தனை மாதத் தேடல் தேவைப்பட்டிருக்காது.

போய்ச் சேர்ந்த பிறகு

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிராணிகளுக்கென்றே ஒரு வரவேற்பு நிலையம் உள்ளது. அங்கே சிப் எண்ணையும் பத்திரங்களையும் பார்த்து, எல்லாம் சரியென்றால் சில மணித்தியாலங்களில் பூனையை ஒப்படைப்பார்கள். சரியில்லையென்றால் எமது செலவிலேயே தனிமைப்படுத்தல், அல்லது திருப்பி அனுப்புதல்.

புதிய வீட்டில் பூனையை முதலில் ஓர் அறைக்குள் மட்டும் விட வேண்டும். பழைய துணியும் பழைய கிண்ணமும் அங்கேயே இருக்கட்டும். இரண்டு மூன்று வாரமாவது வெளியே விடக்கூடாது. மிட்டாய் முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. நான்காம் நாள் மகளின் காலடிக்கு வந்ததாம். இங்கிலாந்தில் 2024 ஜூன் மாதத்திலிருந்து வீட்டுப் பூனைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம். ஆகவே இங்கே வைத்த சிப்பின் எண்ணைப் புதிய முகவரியோடு அங்கே பதிவுசெய்ய மறக்கக்கூடாது. வாடகை வீடென்றால் பூனைக்கு அனுமதி உண்டா என்று வீட்டை எடுக்கும் முன்னரே கேட்க வேண்டும்.

அழைத்துச் செல்லாமல் இருப்பதே நல்லதென்றால்

எல்லாப் பூனையையும் கொண்டு போகத்தான் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மிகவும் வயதான பூனை, நோயுள்ள பூனை, இரண்டு வருட ஒப்பந்தத்தில் மட்டும் போகும் குடும்பம், பூனைக்கு அனுமதியில்லாத தொடர்மாடி வீடு, கையைக் கடிக்கும் செலவு என்று நியாயமான காரணங்கள் பல உண்டு. மொத்தச் செலவு ஒரு மனிதரின் டிக்கெட்டைவிட அதிகமாகிவிடலாம். குடும்பத்தின் கடமைகளை விட்டுவிட்டு இதைச் செய்யுமாறு யாரும் கேட்க முடியாது. ஆனால் விட்டுச் செல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது.

"மீன்கடைப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும்", "பள்ளிவாசல் வளவில் யாராவது சோறு போடுவார்கள்" என்று சொல்பவர்களைக் கேட்டிருப்பீர்கள். வீட்டிலேயே வளர்ந்த பூனைக்கு அந்த இடம் அந்நியமானது. அங்கே ஏற்கனவே இருக்கும் பூனைகள் தமது எல்லைக்குள் அதை விடமாட்டா. கிண்ணத்தில் உண்டு பழகியதற்கு இரை தேடவும் தெரியாது. நாய்க்கும் வாகனத்துக்கும் இடையில் சில நாட்களே அது தாக்குப்பிடிக்கும்.

பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், பூமியிலுள்ளவற்றைத் தானாகத் தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் இடம்பெற்றுள்ளது. மத்ரஸாவில் சிறு வயதிலேயே கேட்ட செய்தி அது. அவள் குற்றம் பூனை வளர்க்காமல் விட்டதில் இல்லை. தன் பொறுப்பில் இருந்த உயிருக்கு வாழ வழியில்லாமல் செய்ததில்தான். கட்டிப் போடாவிட்டாலும், வாழத் தெரியாத இடத்தில் கொண்டு விடுவது இதற்கு எவ்வளவு தூரம் என்று நாமே யோசித்துப் பார்க்க வேண்டும். அதிகமான ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபியை நாம் அழைக்கும் அபூ ஹுரைரா என்ற பெயரே பூனைக்குட்டியின் தந்தை என்ற பொருள் கொண்டது.

முறையாக விட்டுச் செல்வதற்கும் காலம் தேவை. பூனைக்கு ஏற்கனவே பழக்கமான உறவினரையோ அயலவரையோ தேட வேண்டும். கருத்தடைச் சத்திரசிகிச்சையும் தடுப்பூசியும் முடித்து, அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும். புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே அந்த வீட்டில் இரண்டொரு நாள் தங்க வைத்துப் பழக்கலாம். முடிந்தால் மாதாந்தம் உணவுக்கு ஒரு தொகை அனுப்பலாம். எமது ஒழுங்கையில் ஒரு மாமி கட்டாருக்குப் போகும்போது தனது பதினான்கு வயதுப் பூனையை இப்படித்தான் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தார். அவர் வீட்டு மதிலில் ஏறிப் பார்த்துவிட்டு இரவில் பக்கத்து வீட்டுக்கே அது திரும்பிவிடும். ஒப்படைத்துச் செல்வது வேறு, கைவிட்டுச் செல்வது வேறு என்பதை அந்தப் பூனையைப் பார்க்கும்போது விளங்கிக்கொண்டேன்.

அன்பான பெற்றோரே, உங்கள் வீட்டில் வெளிநாட்டுப் பேச்சு தொடங்கியிருந்தால் ஆவணங்கள் வைக்கும் கோப்பில் பூனைக்கும் ஒரு பக்கத்தை இன்றே ஒதுக்குங்கள். போகும் நாட்டின் விதி, சிப் வைக்கும் திகதி, ஊசித் திகதி, இரத்தம் எடுக்கும் திகதி, அழைத்துச் செல்லாவிட்டால் பொறுப்பேற்பவர் யார் என்ற ஐந்தையும் அதில் எழுதுங்கள். தோழியரே, அந்தப் பக்கத்தை எழுதும் வேலையை நீங்களே பொறுப்பெடுங்கள். பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். திகதிகளைக் கணக்கிட்டு நினைவூட்டுவது எம்மால் முடிந்த வேலை. இன்ஷா அல்லாஹ், அப்போது பயணத்துக்கு முந்திய இரவில் எந்தப் பிள்ளையும் பூனையைக் கட்டிப்பிடித்து அழ வேண்டி வராது.